மலக்குடல் புற்றுநோய் மீண்டும் வந்தவருக்கு அறுவை சிகிச்சை: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரி அருகே சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் என் அப்பாவுக்கு (வயது 61) 2022-இல் மலக்குடல் புற்றுநோய்க்காகக் கதிர்வீச்சும் பிறகு அறுவை சிகிச்சையும் நடந்தன. உட்கார்ந்தால் வால் எலும்புப் பக்கம் வலிக்கிறது என்று அவர் சில மாதங்களாகச் சொன்னதை, கொழுந்து மூட்டை தூக்கியதால் வந்த வலி என்றே நினைத்துவிட்டோம். புற்றுநோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க எடுக்கும் சி.இ.ஏ. இரத்தப் பரிசோதனையின் அளவு ஏறிய பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், இடுப்புக்குள் அதே இடத்தில் கட்டி மீண்டும் வளர்ந்திருப்பது தெரிந்தது. வேறெங்கும் பரவவில்லை என்று பெட் ஸ்கேன் காட்டுவது ஒன்றே ஆறுதல்.

வெட்டும் ஓரத்தில் புற்றணு ஏதும் மிஞ்சாமல் கட்டியை முழுமையாக எடுக்க முடிந்தால்தான் குணமாக வாய்ப்பு உண்டு என்றும், அதற்காகச் சிறுநீர்ப்பையையும் முதுகெலும்பின் அடிப்பகுதியில் ஒரு துண்டையும் சேர்த்து அகற்ற நேரிடலாம் என்றும், அப்படியானால் மலத்துக்கும் சிறுநீருக்கும் வயிற்றின் வெளிப்புறத்தில் ஒட்டிய தனித்தனிப் பைகள் நிரந்தரமாக இருக்கும் என்றும் மருத்துவர் படம் வரைந்து விளக்கினார். அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்றுவரை அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த அறுவையைச் செய்துகொண்டவர்களோ உடனிருந்து கவனித்தவர்களோ இங்கு இருந்தால், எத்தனை மாதங்களில் நடமாட முடிந்தது, மலைக்குளிரில் இரண்டு பைகளையும் எப்படிப் பராமரிக்கிறீர்கள், முன்பே கதிர்வீச்சு பெற்றவருக்கு மறுபடியும் கொடுத்தார்களா என்பதைத் தயவுசெய்து எழுதுங்கள். இரண்டாவது கருத்துக்காகச் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கோ மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கோ போகலாம் என எண்ணுகிறோம். அங்கே போய் வந்தவர்கள், எந்தெந்த ஆவணங்களை எடுத்துச் செல்ல வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும். மூலிகை மருந்துப் பரிந்துரைகளை மட்டும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.