ஆளுக்கொரு பட்டியல்: மலைப்பக்கம் வேலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பந்தலூர் மழை:
பந்தலூர் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினோரு வருடமாகக் களப்பணி. சுகாதாரத் துறை, அங்கன்வாடி, வருவாய்த் துறை, பழங்குடியினர் நலம், எஸ்டேட் நிர்வாகம், எங்களை மாதிரி இரண்டு மூன்று தொண்டு நிறுவனங்கள் என்று எல்லோரையும் மாதம் ஒருமுறை உட்காரவைக்கும் வேலை மூன்று வருடமாக என் தலையில். டீ, வடை சொல்வதிலிருந்து மினிட்ஸ் எழுதுவது வரை நான்தான்.

முதலில் எல்லைக் கூத்து. நீலகிரியில் தாலுகா 6, ஊராட்சி ஒன்றியம் 4. பந்தலூர் தனித் தாலுகா, ஆனால் ஒன்றியம் என்று வந்தால் கூடலூரோடு போய்விடும். முதியோர் பென்ஷன் தாலுகாக் கணக்கில் ஓடுகிறது, சுகாதாரம் வட்டாரக் கணக்கில், எஸ்டேட்காரர்கள் டிவிஷன் கணக்கில். போதாததற்கு எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அவசரமென்றால் ஊட்டிக்கு ஏறமாட்டார்கள், பக்கத்தில் கேரளாவில் இருக்கிற சுல்தான் பத்தேரிக்கு இறங்கிவிடுவார்கள், அந்தச் சீட்டு நம் கணக்கு எதிலும் வராது. "உங்கள் பகுதியில் எத்தனை கர்ப்பிணிகள்?" என்று கூட்டத்தில் கேட்டால் நாலு பேர் நாலு எண் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் அவரவர் எல்லைக்குள் நாலும் சரி.

சொல்ல வந்தது ஒரு பையனைப் பற்றி. பணியர் என்ற பழங்குடிக் குடும்பம், பதினான்கு வயது, சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவான இடங்களில் நம் நீலகிரியும் ஒன்று, 1952-இல். மழைக் குளிர் இறங்கினால் மூட்டுக்கு மூட்டு வலி பிடித்துக்கொள்ளும், நனைந்தால் கேட்கவே வேண்டாம். இப்போது அவனுக்கு என்னென்ன வேண்டும் பாருங்கள். மாத்திரை சுகாதாரத் துறையிடம். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோயும் இருக்கிறது, அதனால் மருத்துவக் குழு பார்த்துச் சான்று தரலாம், அது வேறு அலுவலகம். சாதிச் சான்று கோட்டாட்சியரிடம், அவன் அப்பாவுக்கே அது கிடையாது என்பதால் தாத்தாவிலிருந்து தொடங்க வேண்டும். ஒழுகுகிற கூரை ஒன்றியத்தில். வாரக்கணக்கில் பள்ளிக்கு வராததால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம் கல்வித் துறை சம்பந்தப்பட்டது. இத்தனைக்கும் அவன் ஒரே ஆள்.

ஐந்து கூட்டத்தில் அவன் பெயரைச் சொன்னேன். ஐந்து முறையும் மினிட்ஸில் "சம்பந்தப்பட்ட துறை நடவடிக்கை எடுக்கும்" என்று எழுதியதும் நானே. சம்பந்தப்பட்ட துறை எது என்று நான் எழுதவில்லை, யாரும் கேட்கவும் இல்லை, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வடை சாப்பிட்டோம்.

ஜூலையில் ஒரு ராத்திரி வலி தாங்காமல் கத்த ஆரம்பித்திருக்கிறான். 108 வந்தது, ஆனால் பாலத்துக்கு மேல் சேறு, ஏறவில்லை. கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கி வந்தார்கள். வழியில் யானை நின்றதால் முக்கால் மணி நேரம் ஒரு காப்பித் தோட்டத்து ஓரத்தில் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்களாம். பையன் பிழைத்துவிட்டான். மறுநாள் வார்டில் அவன் அம்மா என்னிடம் கேட்டது, "சாரே, மீட்டிங்கில எங்க பேரைச் சொன்னீங்களாமே, அவங்க என்ன சொன்னாங்க?"

அடுத்த கூட்டத்திலிருந்து மினிட்ஸை மாற்றினேன். ஆள், என்ன தேவை, செய்யப் போகிறவர் பெயர், எந்தத் தேதிக்குள் என்று நாலு கட்டம். "பதவியைப் போடுங்கள், பெயர் எதற்கு" என்று ஒரு அதிகாரி கடுப்பானார். போட்டேன், அவர் பெயரைத்தான் முதலில் போட்டேன். நம்பமாட்டீர்கள், மூன்று வாரத்தில் சான்றுக்குத் தேதி வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதே வேலைக்குப் போகவேண்டிய இன்னும் ஆறு பேரைச் சேர்த்து ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனோம், வாடகையை இரண்டு நிறுவனங்கள் பகிர்ந்துகொண்டோம்.

கோத்தகிரி சிஸ்டர்:
பெயர் போடுவது சரி. என் பிரச்சினை நேர் எதிர், யாருமே செய்யாதது இல்லை, எல்லோரும் செய்தது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்தது, வீட்டுக்கே போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கிறோம், நல்ல திட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் பக்கம் எஸ்டேட் லைனில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பாட்டி தலைசுற்றி விழுந்துவிட்டார். பையைக் கொட்டச் சொன்னேன். எஸ்டேட் டிஸ்பென்சரியில் கொடுத்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தது, எங்கள் பெண்கள் வீட்டில் கொடுத்தது, ஏதோ முகாமில் கொடுத்தது என்று நாலு அட்டை, நாலிலும் அம்லோடிபின் என்ற அதே பிரஷர் மாத்திரை. அட்டையின் நிறம் வேறு வேறு என்பதால் நாலும் நாலு வியாதிக்கு என்று நினைத்து தினமும் எல்லாவற்றிலும் ஒன்று போட்டிருக்கிறார். "சும்மா கொடுத்த மாத்திரைய வீணாக்கலாமா நர்சம்மா" என்கிறார்.

இப்போது அந்த லைனில் வீட்டுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். யார் மாத்திரை கொடுத்தாலும் அதில் எழுதிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எஸ்டேட் கம்பவுண்டர் ஒழுங்காக எழுதுகிறார். முகாம் டாக்டர்கள் எழுதுவது அவர்களுக்கே புரியுமா தெரியவில்லை 😄

தாண்டிக்குடி காப்பி:
பழனி மலைப்பக்கம் இருந்து. எங்கள் மாவட்டத் தலைநகர் திண்டுக்கல், கீழே. அங்கே உட்கார்ந்து தேதி போடுகிறவர்கள் டிசம்பரில் முகாம் வைப்பார்கள். டிசம்பரில் மலையில் ஒரு குஞ்சு வீட்டில் இருக்குமா? எல்லோரும் காப்பிப் பழம் பறிக்கப் போயிருப்பார்கள். பளியர் பழங்குடிக் குடியிருப்பில் ஒருமுறை பதினேழு பேர் கொண்ட குழு வந்து இரண்டு கிழவர்களுக்கும் ஒரு நாய்க்கும் நடுவில் பேனர் கட்டி போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கியது. அப்புறம் தோட்டத்து மேஸ்திரியைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டோம். எந்தத் தோட்டத்தில் என்றைக்குப் பறிப்பு, என்றைக்குக் கூலி என்று அவர்தானே சொல்ல முடியும். கூலி கொடுக்கும் நாளில், கூலி கொடுக்கும் இடத்திலேயே முகாம் வைத்தோம். கூட்டம் தாங்கவில்லை.

பெயர் வேண்டாம்:
பந்தலூர் அண்ணா, நீங்கள் பெயர் பெயர் என்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் ஊரில் சிக்கிள் செல் பரிசோதனை முடிந்ததும் யாரோ ஒருவர் முழுப் பட்டியலையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார், வேலை சுலபமாகட்டும் என்று. அந்தக் குழுவில் எல்லாத் துறையும் இருக்கிறது, எங்கள் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள். என் தங்கைக்கு நோய் கிடையாது, கேரியர் மட்டும், அதாவது நோயின் மரபணு ஒரு பங்கு மட்டும் உடம்பில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கேரியராக இருந்தால்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு என்று செவிலியர் எங்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. அவர்கள் வரவே இல்லை. குழுவில் போட்டவர் பிறகு அழித்துவிட்டு "ஸாரி" என்று போட்டார்.

பந்தலூர் மழை:
தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அப்படி ஒரு பட்டியலை அனுப்பியிருக்கிறேன், உங்கள் ஊருக்கு இல்லை, ஆனால் அனுப்பியிருக்கிறேன். நான் சொன்னது வேலை செய்யவேண்டியவர் பெயரை. நோயாளிக்கு இனி எண் மட்டும்தான், எந்த எண் யார் என்ற நோட்டு செவிலியரின் பீரோவில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் கூட்டத் தேதியும் ஜீப் நேரமும் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று அடுத்த கூட்டத்தில் சொல்லப்போகிறேன், சிலர் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. சிஸ்டர், உங்கள் ஆணி நோட்டையும் கொஞ்சம் யோசியுங்கள், கதவுக்குப் பின்னால் என்றால் வருகிற விருந்தாளி எல்லாம் புரட்டுவார்கள்.

கோத்தகிரி சிஸ்டர்:
அதுவும் சரிதான். அரிசி டிரம்முக்குள் வைக்கச் சொல்கிறேன்.

தாண்டிக்குடி காப்பி:
அண்ணா, அந்தப் பையன் வீட்டுக் கூரை என்ன ஆச்சு?

பந்தலூர் மழை:
இன்னும் தார்ப்பாய்தான். அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக யார் வந்திருக்கிறார் என்று திங்கட்கிழமை போய் விசாரிக்க வேண்டும்.