செல்ஃப் சுத்துது, என்ஜின் பிடிக்கல: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

வெண்ணாற்றங்கரை:
போன மார்கழியில நடந்தது. 3 சிலிண்டர் டிராக்டர். சாயங்காலம் சூட்டோட இருந்தா தொட்டதும் பிடிச்சுக்கும். விடியக்காலையில மட்டும் இழுத்து இழுத்துச் சுத்தும், சைலன்சர்ல வெள்ளைப் புகை கிளம்பும், பிடிக்காது. டவுன்ல ஒரு பட்டறையில காட்டினேன். "டீசல் பம்பு டைமிங் போச்சு, அதாவது டீசலை சிலிண்டருக்குள்ள அடிக்கிற நேரம் தப்பிடுச்சு, கழட்டி கேலிப்ரேஷனுக்கு அனுப்பணும்"னாங்க. செலவைக் கேட்டதும் வண்டியை வீட்டுக்கே ஓட்டிட்டு வந்துட்டேன்.

பக்கத்து ஊர் எலக்ட்ரீஷியன் ஒருத்தர் வந்து பார்த்தார். பம்பு பக்கமே போகல. மீட்டரோட ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை என்ஜின் பிளாக்லயும் வச்சுக்கிட்டு, என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். 2 வோல்ட் கிட்ட காட்டுச்சு. அந்த இடத்துல 0.2, 0.3-க்கு மேல காட்டினாலே சந்தேகப்படணுமாம். பேட்டரி மைனஸை என்ஜின் பாடியோட சேர்க்கிற எர்த் பட்டையைக் கழட்டினா போல்ட்டுக்கு அடியில துரு, அதுக்கு மேல எவனோ அடிச்ச பெயின்ட். சுரண்டிட்டு புது கேபிள் போட்டார், அவ்வளவுதான்.

கணக்கையும் அவரே போட்டுக் காட்டினார். செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்குதுன்னா, ஜாயின்ட்ல 0.01 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கேயே போயிடும். பேட்டரி இழுவையில 10-க்கு இறங்கியிருந்தா மோட்டாருக்குக் கிடைக்கிறது 8 தான். டீசல்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை அமுக்குற சூட்டுலதான் பத்திக்கணும். மெதுவா சுத்தினா அமுக்கின காத்து பிஸ்டன் ரிங் வழியா கசியும், இருக்கிற சூட்டையும் குளிர்ந்த சிலிண்டர் உறிஞ்சிடும். டீசல் உள்ள வருது, எரியல. அதுதான் வெள்ளைப் புகை. புகையே வரலேன்னா அது வேற கதை, டீசல் லைன்ல காத்து மாட்டியிருக்கான்னு, அதாவது ஏர் லாக்கைப் பாருங்க.

பிளைவீல் மார்க்:
அண்ணே, சொன்னது சரி. ஆனா டைமிங் போறதே இல்லைன்னு யாரும் நினைச்சுடாதீங்க. நான் பம்புசெட் வேலை பார்க்கிறவன், 1500 ஆர்பிஎம் ஓடுற சிங்கிள் சிலிண்டர் தண்ணி என்ஜின்கள்தான் என் பொழப்பு. பம்பைக் கழட்டி சுத்தம் பண்ணிட்டு மாட்டும்போது அடியில இருக்கிற ஷிம்மை, அதான் மெல்லிசு தகட்டை, தொலைச்சுடுவாங்க. ஷிம் போட்டா பம்பு மேல எழும்பும். கேம் (பம்பைத் தள்ளுற முட்டை வடிவச் சக்கரம்) இன்னும் கொஞ்சம் தூக்கினாத்தான் பிளஞ்சர் (பம்புக்குள்ள ஏறி இறங்குற தண்டு) டீசல் வர்ற துளையை மூடும், அதனால டீசல் லேட்டாப் போகும். ஷிம்மை எடுத்துட்டா சீக்கிரம் போகும்.

சீக்கிரம் போனா என்ன ஆகும்? பிஸ்டன் உச்சிக்கு வர 23 டிகிரி முன்னாடி டீசல் போகுதுன்னு வைங்க. 1500-ல ஓடும்போது அந்த 23 டிகிரி ஒரு செகண்டுல ஏறக்குறைய 400-ல ஒரு பங்குதான். அதே 23 டிகிரி, ஹேண்டில்ல 150 ஆர்பிஎம் சுத்துறப்போ பத்து மடங்கு நேரம். டீசல் பத்திக்க நிறைய அவகாசம் கிடைச்சுடும். பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்குள்ள வெடிச்சா பிளைவீல் திருப்பி அடிக்கும். ஹேண்டில் பிடிக்கும்போது கட்டை விரலை மத்த விரலோட ஒரே பக்கமா வைன்னு பெரியவங்க சொல்றது இதுக்குத்தான். அமெரிக்காவுல கேடிலாக் கார்ல 1912 மாடல்லயே கெட்டரிங்ங்கிற இன்ஜினியர் செல்ஃப் மோட்டார் வச்சுட்டார், இங்க நாம இன்னும் கையைக் கொடுத்துக்கிட்டு இருக்கோம்.

ஒரு தோப்புல இதைவிட வேடிக்கை. திருப்பி அடிச்ச என்ஜின் நிக்காம அப்படியே தலைகீழா ஓட ஆரம்பிச்சுடுச்சு. புகை ஏர் கிளீனர் வழியா வருது, சைலன்சர் காத்தை உள்ள இழுக்குது! ஆயில் பம்பும் எதிர்ப்பக்கம் சுத்துறதால பேரிங்குக்கு எண்ணெய் போகாது. உடனே வால்வைத் திறந்து அமுக்கத்தை விடுற டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி நிறுத்தினேன். தோப்புக்காரர் "புது மாடலா?"ன்னு கேட்டார்.

டைமிங் பார்க்க மெஷின் எதுவும் வேணாம். பம்போட டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துட்டு, வளைஞ்ச சின்ன டியூபை மாட்டி, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக்கை முழு டீசல்ல வச்சு பிளைவீலை மெதுவா திருப்புங்க. டியூப்ல சொட்டுறது எந்த இடத்துல நிக்குதோ அதுதான் பாயின்ட். பிளைவீல் மார்க்கோட சேரணும்.

ரெண்டாவது கியர்:
எனக்கு இதுலயே ஒண்ணு கேட்கணும். என்னுது பிஎஸ்6 பைக், கிக்கர் கிடையாது. பேட்டரி வீக் ஆனப்போ செல்ஃப் "டக் டக்"னு மட்டும் சத்தம் போட்டுச்சு, மீட்டர் அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சு. ரெண்டாவது கியர்ல தள்ளியும் பார்த்தாச்சு, அசையல. கடைக்காரர் "எஃப்ஐ (பெட்ரோலைத் தெளிக்கிற சிஸ்டம்) டைமிங் அவுட்"ங்கிறார். அப்படியெல்லாம் ஆகுமா?

பிளைவீல் மார்க்:
ஆகாது தம்பி. அதுல திருப்புறதுக்கு ஷிம்மும் இல்ல, மார்க்கும் இல்ல. கிராங்க் சென்சார் சக்கரத்துப் பல்லை எண்ணும், நடுவுல பல் இல்லாத இடம் ஒண்ணு இருக்கும். அதைப் பார்த்தாத்தான் பிஸ்டன் எங்க இருக்குன்னு இசியூவுக்கு, அதான் என்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டருக்கு, தெரியும், அப்புறம்தான் ஸ்பார்க்கும் பெட்ரோலும். வோல்ட் ரொம்ப இறங்கினா இசியூவே அணைஞ்சு திரும்ப எழுந்திருக்கும், எண்ணினதெல்லாம் போச்சு. பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் வேணும், அதனால பேட்டரி முழுசா செத்த வண்டியைத் தள்ளிப் புண்ணியமில்ல. பைக்ல இன்டேக் வால்வுக்குப் பின்னாடிதான் பெட்ரோலைத் தெளிக்குது. டீசல் மாதிரி ரெண்டு டிகிரி முன்ன பின்ன ஆனதுக்கு வண்டி முரண்டு பிடிக்காது. எவ்வளவு நேரம் தெளிக்குதுங்கிறதுதான் முக்கியம். முதல்ல பேட்டரியை மாத்து.

நடுக்கடல்:
கப்பல்ல வேலை பார்க்கிறேன். எங்க மெயின் என்ஜினுக்கு செல்ஃப் மோட்டாரே கிடையாது. 30 பார் அழுத்தக் காத்தை முறை வச்சு சிலிண்டருக்குள்ள அனுப்பித்தான் சுத்த விடுவோம். பிளைவீல் மார்க் அண்ணன் சொன்ன தலைகீழ் ஓட்டம் எங்களுக்கு அன்றாடம். பின்னால போகணும்னா அந்த டூ ஸ்ட்ரோக் என்ஜினையே நிறுத்தி, எரிபொருள் டைமிங்கையும் காத்து டைமிங்கையும் மாத்தி, எதிர்ப்பக்கம் ஸ்டார்ட் பண்ணுவோம்.

வெண்ணாற்றங்கரை:
அடேங்கப்பா! தோப்பு என்ஜினுக்கு அந்த வித்தையைக் கத்துக்கொடுத்தது யாரு? சரி, குளிருக்கு ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கச் சொல்றாங்களே, அடிக்கலாமா?

பிளைவீல் மார்க்:
குளிர்ல சிலிண்டரைச் சூடாக்குற ஹீட்டர் பிளக் இருக்கிற வண்டிக்கு வேண்டவே வேண்டாம். ஸ்பிரேல இருக்கிற ஈதர் பழுத்த ஹீட்டர்ல பட்டா கண்ட நேரத்துல வெடிக்கும், பிஸ்டன் ரிங்கே உடைஞ்சு போகும். ஹீட்டர் சூடாக விட்டு, 10 செகண்டுக்கு மேல செல்ஃபை இழுக்காம, நடுவுல அரை நிமிஷமாவது மோட்டாரை ஆற விடுங்க.