தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை: கீழ்த்தளம் யாருக்கு?

பஃபலோரோடு_புதுசு:
போன மாதம்தான் சிங்கப்பூர் தேக்காவில் (லிட்டில் இந்தியா) பஃபலோ ரோடு அடுக்குமாடி புளோக்குக்குக் குடிவந்தோம். மற்ற நாள்களில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் புளோக்கின் அடியில் திறந்தவெளியாக இருக்கும் கீழ்த்தளம், படிக்கட்டு, புல்வெளி எல்லாம் வெளிநாட்டு ஊழியர்கள். பிள்ளையின் சைக்கிளை வெளியே கொண்டுபோவதே பெரும்பாடு. யாரும் வம்புக்கு வருவதில்லை, நம்மைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து வழிவிடுகிறார்கள், அதுவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஜூரோங் பக்கம் பெஞ்சுருவில் அவர்களுக்கென்றே பொழுதுபோக்கு மையம் இருக்கிறதே, ஏன் எல்லாரும் இங்கேயே வருகிறார்கள்?

ஷிப்யார்டு_தம்பி:
அக்கா, மையத்துக்கும் போவோம். ஆனால் நான் துவாஸ், என் சித்தப்பா மகன் பொங்கோல். இரண்டு பேரும் பார்க்க வேண்டுமென்றால் தேக்காதான் தோது. பணம் அனுப்ப வேண்டும், முடி வெட்ட வேண்டும், அப்புறம் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள்கள் எப்போதும் ஒரே மரத்தடியில் நிற்பார்கள், போன் போடாமலே ஆளைப் பிடிக்கலாம். யார் லீவில் போகிறான், யார் கையில் தைலமும் சாக்லேட்டும் கொடுத்துவிடலாம் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். கடையில் உட்கார்ந்தால் ஏதாவது வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கீழ்த்தளத்தில் நிழல் உண்டு, செலவு இல்லை.

சிராங்கூன்_பழசு:
இந்தப் புகார் பழசு. 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்து, கலவரமானதே, அதற்கு முன்பே இருந்தது. அப்போதெல்லாம் புல்வெளியில் பீர் டின் கிடக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். 2015 மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபின் சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 வரை இங்கே பொது இடத்தில் குடிக்கவே கூடாது, அது எல்லாருக்கும் பொது. ஆனால் கொரோனாவுக்கு அப்புறம் 2022இல், டார்மில் (ஊழியர் விடுதியில்) இருப்பவர்கள் ஞாயிறும் பொது விடுமுறையும் தேக்கா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் வர முன்அனுமதி எடுக்க வேண்டும் என்றார்களே, அதை உங்களிடமோ என்னிடமோ யாராவது கேட்டார்களா? மையம் நல்லதுதான். ஆனால் ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கட்டிவிட்டு "அங்கே போங்கள்" என்றால் என்ன நியாயம்?

மளிகை_டெஸ்கர்:
நியாயம் பேசுவது சுலபம் அண்ணே. லிப்ட் வாசலை அடைத்து உட்கார்ந்தால் சக்கர நாற்காலியில் வரும் பாட்டி என்ன செய்வார்? அதற்காக ஆளைத் துரத்தச் சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தில்தான் என் கடை வாடகையே கட்டுகிறேன். கூடுதலாக இரண்டு கழிவறை, நாலு பெரிய குப்பைத்தொட்டி, உட்கார நீள பெஞ்சு போட்டால் பாதிப் புகார் போய்விடும்.

பஃபலோரோடு_புதுசு:
பெஞ்சு வேண்டுமென்றால் புளோக்கைப் பராமரிக்கிற நகர மன்றத்துக்கு எழுத வேண்டுமா, எம்.பி.யைப் பார்க்க வேண்டுமா?

சிராங்கூன்_பழசு:
முதலில் நகர மன்றம். போட்டோவோடு எழுதுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். "இடைஞ்சல்" என்று மட்டும் எழுதாதீர்கள், கம்பித் தடுப்புதான் வரும்.