மிச்சம் இருப்பது இரண்டே காண்டாமிருகங்கள்: ஸ்டெம் செல் ஆராய்ச்சி தேவையா?

கானகன்:

கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் நஜின், ஃபாட்டு என்று ஒரு தாயும் மகளும் இருக்கின்றன. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தில் உலகிலேயே மிச்சம் இவை இரண்டுதான். கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்துபோனது. இந்த இரண்டாலும் கருவைச் சுமக்க முடியாது. அதனால் தோல் செல்லை, உடலின் பல வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, அதிலிருந்து கருமுட்டையும் விந்தணுவும் உண்டாக்கி, அதன் நெருங்கிய உறவினமான தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தை வாடகைத்தாயாக வைத்துக் குட்டி எடுக்கலாம் என்று பல நாட்டு விஞ்ஞானிகள் உழைக்கிறார்கள்.

நான் இதை எதிர்க்கிறேன். இந்த விலங்கு அழிந்தது கருத்தரிக்க முடியாமல் அல்ல. கொம்புக்காகச் சுட்டுத் தள்ளினார்கள். அது வாழ்ந்த நாடுகளில் உள்நாட்டுப் போர் ஓயவில்லை. காட்டில் கடைசியாக எஞ்சிய கூட்டம் காங்கோவின் கரம்பா தேசியப் பூங்காவில் இருந்தது, அதுவும் போய்விட்டது. துப்பாக்கி அப்படியே இருக்கும்போது ஆய்வகத்தில் குட்டி பிறந்து என்ன பயன்?

தெற்கு வெள்ளையைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் முடிவில் நூறுக்கும் குறைவாக இருந்தது, இன்று 15,000க்கும் மேல். அதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. வேட்டையைத் தடுத்தார்கள், நிலத்தைக் காத்தார்கள், பெருகியவற்றை வேறு இடங்களில் கொண்டுபோய் விட்டார்கள்.

நுண்ணோக்கி:

தெற்கு வெள்ளை மீண்டது உண்மைதான் நண்பரே, ஆனால் இங்கே அது பொருந்தாது. அங்கே கொஞ்சமாவது ஆணும் பெண்ணும் இனம் பெருக்கும் நிலையில் இருந்தன. இங்கே ஆண் ஒன்றுகூட இல்லை. எத்தனை காவலர்களை நிறுத்தினாலும் நஜினும் ஃபாட்டுவும் ஒருநாள் வயதாகி இறக்கும், அதோடு முடிந்தது. காவல் மட்டும் போதும் என்ற கட்டத்தை இந்த விலங்கு தாண்டிவிட்டது.

ஃபாட்டுவின் கருமுட்டையோடு, இறந்த ஆண்களின் உறைந்த விந்தைச் சேர்த்து 30க்கும் மேற்பட்ட கருக்களை ஏற்கெனவே உருவாக்கிவிட்டார்கள். பிறகு ஸ்டெம் செல் எதற்கு? அந்தக் கருக்கள் அத்தனைக்கும் தாய் ஒருத்திதான். தந்தைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. பிறப்பவை எல்லாம் அண்ணன் தங்கைகளாக இருந்தால் அடுத்த தலைமுறை என்ன ஆகும்? ஆனால் அமெரிக்காவின் சான் டியாகோவில் 'உறைந்த விலங்குக்காட்சி சாலை' என்று ஒரு செல் வங்கி இருக்கிறது. அங்கே 12 வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்களின் செல்கள் திரவ நைட்ரஜனில் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் செத்துப்போனவற்றையும் பெற்றோராக்க வழி ஸ்டெம் செல்தான்.

இது வெறும் கனவு அல்ல. சாதாரண உடல் செல்லை நான்கு மரபணுக்களைக் கொண்டு ஸ்டெம் செல்லாக மாற்றலாம் என்று ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006இல் எலியில் காட்டினார். 2011இல் ஃபாட்டுவின் தோல் செல்லிலேயே அதைச் செய்தார்கள். 2022இல் இன்னொரு ஜப்பானிய விஞ்ஞானியான ஹயாஷியின் குழு வடக்கு வெள்ளையின் ஸ்டெம் செல்லிலிருந்து, பின்னாளில் கருமுட்டையாகவோ விந்தணுவாகவோ மாறக்கூடிய ஆதி இனச்செல்களை உருவாக்கியது.

கானகன்:

அந்த ஆதி இனச்செல்லிலிருந்து கருமுட்டைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதே ஹயாஷி 2016இல் எலியின் ஸ்டெம் செல்லிலிருந்து கருமுட்டை எடுத்தார், குட்டியும் பிறந்தது. ஆனால் கருப்பைக்குள் வைத்த கருக்களில் மிகச் சிறு பங்கே குட்டியாயின. முட்டை முதிர, எலிக்கருவின் சூலகத்திலிருந்து எடுத்த துணைச் செல்களும் வேண்டியிருந்தன. காண்டாமிருகக் கருவின் சூலகத்துக்கு எங்கே போவது?

இன்னொன்று. 2023இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 16 தெற்கு வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கரம்பாவுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அந்தப் புல்வெளிக்கு வேண்டியது புல்லை மொட்டையாக மேய்கிற ஒரு பெரிய விலங்கு. அந்த வேலையை உறவினமே செய்யத் தொடங்கியாயிற்று.

நுண்ணோக்கி:

துணைச் செல் பிரச்சினை உண்மையானது. அந்தச் செல்களையும் ஸ்டெம் செல்லிலிருந்தே உருவாக்கும் முயற்சி எலியில் வெற்றி பெற்றிருக்கிறது. காண்டாமிருகத்தில் இன்னும் இல்லை.

கரம்பா விஷயத்தில் நீங்கள் சொன்னது என் கட்சிக்குத்தான் பலம். பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பித்தானே அங்கே 16 விலங்குகளை இறக்கினார்கள்? அப்படியானால் 'துப்பாக்கி அப்படியே இருக்கிறது' என்ற உங்கள் முதல் வாதம் தளர்ந்துபோகிறதே.

டாக்டர் மதி:

நான் கால்நடை மருத்துவர். ஸ்டெம் செல் என்றாலே காண்டாமிருகத்தில் போய் நிற்கிறோம். இன்றைக்கு ஊசியாகப் போடப்படும் ஸ்டெம் செல்லைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம்.

பந்தயக் குதிரைக்கு முன்னங்காலின் பின்பக்கத் தசைநாண் கிழிவது அடிக்கடி நடக்கும். ஆறும்போது அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்கிறது. அது இழுபடாது, ஓடவிட்டால் மறுபடி கிழியும். மார்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதிலுள்ள ஸ்டெம் செல்களைச் சில வாரங்கள் வளர்த்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே கிழிசலுக்குள் ஊசியால் இறக்குவார்கள். பிரிட்டனில் இப்படிச் சிகிச்சை பெற்ற 141 குதிரைகளைத் தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். மறுபடி கிழிந்தது ஏறத்தாழ 27 சதவீதத்தில். பழைய சிகிச்சைகளில் பாதிக் குதிரைகளுக்குக் கிழிந்துகொண்டிருந்தது.

பூனைக்கு வரும் தீராத ஈறு அழற்சி இதைவிடக் கொடுமை. வாய் முழுக்கச் செக்கச்செவேலென்று புண்ணாகி, எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். பசியோடு கிண்ணத்துக்கு வரும், ஒரு வாய் வைத்ததும் வலியில் கத்திக்கொண்டு பின்வாங்கும். எல்லாப் பல்லையும் பிடுங்குவதுதான் வழக்கமான சிகிச்சை. அப்படியும் ஆறாத 7 பூனைகளுக்குக் கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் அவற்றின் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லை நரம்பு வழியே ஏற்றினார்கள். 5 பூனைகளுக்குப் பலன் கிடைத்தது. அவற்றில் 3 முழுக்கத் தேறின. சின்ன ஆய்வுதான். ஆனால் வேறு வழியே இல்லாத பூனைகள் அவை. அந்த வாயை ஒருமுறை திறந்து பார்த்தவர்கள் இதை வீண் ஆராய்ச்சி என்று சொல்லமாட்டார்கள்.

மீரா:

டாக்டர், மன்னிக்கவும், எனக்கு இதில் கோபமே வருகிறது. என் நாய்க்கு இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. ஒரு மருத்துவமனையில் ஸ்டெம் செல் போட்டால் குருத்தெலும்பு புதிதாக வளர்ந்துவிடும் என்று உறுதியாகச் சொன்னார்கள். போட்டோம். முதல் மாதம் நன்றாக நடக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அப்புறம் பழையபடிதான். நிஜமாகவே தேறியதா, நாங்கள் அப்படிப் பார்க்க ஆசைப்பட்டோமா என்று இன்றுவரை தெரியவில்லை. எத்தனை செல் போட்டார்கள் என்ற கேள்விக்கும் பதில் வரவில்லை.

டாக்டர் மதி:

உங்கள் கோபம் நியாயமானது அம்மா. புதுக் குருத்தெலும்பு வளரும் என்று அவர்கள் சொல்லியிருக்கவே கூடாது. போட்ட செல்களில் பெரும்பாலானவை சில நாட்களிலோ வாரங்களிலோ மறைந்துவிடுகின்றன. இருக்கும்வரை அவை சுரக்கும் பொருட்கள் அழற்சியைத் தணிக்கின்றன. வலி குறைவது அதனால்தான். தேய்ந்த மூட்டு புதிதாகிவிடாது.

ஆசைப்பட்டுப் பார்த்தோமா என்று கேட்டீர்களே, அது ஆய்வுகளிலும் பெரிய சிக்கல். மருந்தே இல்லாத மாத்திரை கொடுத்த நாய்களைக்கூடத் தேறிவிட்டதாக உரிமையாளர்கள் சொல்வது பதிவாகியிருக்கிறது. மருத்துவர்களும் ஏமாந்திருக்கிறோம். அதனால்தான் நாயை அழுத்தம் அளக்கும் தட்டின் மேல் நடக்கவிட்டு, எந்தக் காலில் எவ்வளவு எடை போடுகிறது என்று எண்ணாகப் பார்க்கவேண்டும். அந்த எண் இல்லாத 'வெற்றி'யை நான் நம்புவதில்லை. நான் சொன்ன குதிரை ஆய்விலும், சிகிச்சை பெறாத குதிரைகளைக் கூடவே வைத்து ஒப்பிடவில்லை என்ற குறை உண்டு.

ஐரோப்பிய மருந்து முகமையின் பரிந்துரையை ஏற்று ஐரோப்பிய ஆணையம் 2019இல் குதிரைகளுக்கான ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது. அனுமதி என்று வந்தால் குப்பிக்குள் எத்தனை செல், எத்தனை உயிரோடு இருக்கிறது, எந்த விலங்கிலிருந்து எடுத்தது, கிருமி சோதித்தார்களா என்று எல்லாவற்றுக்கும் கணக்குக் கொடுத்தாக வேண்டும். உங்களுக்குக் கிடைக்காத பதில் அதுதான். இது எல்லா இடத்திலும் கட்டாயமாக வேண்டும்.

கானகன்:

வீட்டு விலங்குக்கான சிகிச்சையை நான் எதிர்க்கவில்லை டாக்டர். என் சண்டை காட்டு விலங்கைப் பற்றியது. கழுகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. தெற்காசியாவில் வெண்முதுகுப் பாறு 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. 2006இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. வீழ்ச்சியை மட்டுப்படுத்தியது ஓர் அரசாணை. காப்பாற்றும் வழி இவ்வளவு எளிமையாக இருக்கும்போது அறிவும் பணமும் ஆளும் வேறு பக்கம் போகின்றனவே என்பதுதான் என் வருத்தம்.

நுண்ணோக்கி:

அந்த அரசாணைக்கு முன்னால் என்ன நடந்தது? செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்து, உள்ளுறுப்புகளில் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருப்பதைக் கண்டு, ஒவ்வொரு காரணமாகத் தள்ளி, 2004இல்தான் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு மாற்றான மெலாக்சிகாம் என்ற வலி மருந்து ஆபத்தில்லை என்று தெரியவும் உயிருள்ள கழுகுகளுக்கே கொடுத்துப் பார்க்கவேண்டியிருந்தது. அழிந்துகொண்டிருக்கும் பறவைக்கு மருந்தைக் கொடுத்துச் சோதிப்பது எவ்வளவு சங்கடமான காரியம்! அதன் செல்கள் கையில் இருந்தால் முதல் கட்டச் சோதனையையாவது ஆய்வகத் தட்டில் செய்து பார்க்கலாம். ஸ்டெம் செல்லாக இருந்தால் அதைச் சிறுநீரகச் செல்லாக மாற்றிப் பார்க்க முயலலாம்.

யானைக் குட்டிகளைக் கொல்லும் ஹெர்பீஸ் வைரஸும் அப்படித்தான். அதை ஆய்வகத்தில் வளர்க்க முடியாததால் நீண்ட காலமாக ஆராய்ச்சி தடுமாறியது. 2024இல் ஆசிய யானையின் ஸ்டெம் செல்லை உருவாக்கியதாக அறிவித்தார்கள். செய்தி முழுக்க, அழிந்துபோன யானை இனமான மாமதத்தை மீட்பதைப் பற்றியே இருந்தது. எனக்கோ, அந்தச் செல்லை ரத்தக்குழாய்ச் செல்லாக மாற்றி இந்த வைரஸை அதில் ஆராய முடியுமா என்பதுதான் முக்கியம். உயிரோடு இருக்கிற யானைக்குட்டி பிழைக்கவேண்டும்.

கானகன்:

மாமதம் பற்றி நாம் இருவரும் ஒரே பக்கம்தான் போலிருக்கிறது.

டாக்டர் மதி:

கானகன், கீரி போன்ற வட அமெரிக்க விலங்கான கருங்கால் ஃபெரட்டைப் பற்றி என்ன சொல்வீர்கள்? இன்றிருக்கும் கூட்டம் முழுவதும் 7 விலங்குகளின் வழிவந்தது. 1988இல் வில்லா என்ற ஃபெரட்டின் செல்லை யாரோ பொறுப்பாக உறையவைத்தார்கள். வில்லாவுக்கு இன்று உயிரோடு வாரிசு இல்லை. அந்தச் செல்லிலிருந்து 2020இல் எலிசபெத் ஆன் என்ற குளோன் பிறந்தது. 2024இல் இன்னொரு குளோனான அன்டோனியா குட்டி போட்டது. இழந்த மரபணு வகைகள் 36 வருடம் கழித்துத் திரும்பின. இது குளோனிங், ஸ்டெம் செல் அல்ல. ஆனால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: செல்லை எடுத்துவைத்திருக்க வேண்டும்.

காட்டு விலங்கை எதற்காக மயக்கினாலும், செத்த விலங்கை அறுத்தாலும் காது மடலில் ஒரு சின்னத் துண்டு எடுக்கலாம். வளர்ப்பு ஊடகத்தில் போட்டுக் குளிர்ச்சியாக வைத்துச் சீக்கிரம் ஆய்வகம் சேர்க்கவேண்டும். நேராக உறைநிலைப் பெட்டியில் போட்டால் செல் செத்துவிடும். மெனக்கெட்டால் முடிகிற வேலைதான், பல இடங்களில் செய்வதில்லை.

கானகன்:

செல் எடுத்துவைப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. செய்யவேண்டும், இப்போதே செய்யவேண்டும். ஆனால் ஃபெரட்டைக் காட்டில் கொல்லும் பிளேக் நோய் அப்படியேதானே இருக்கிறது? குளோனின் குட்டிக்கும் அது வரும்.

ஃபாட்டு விஷயத்திலும் நான் இறங்கிவரமாட்டேன். ஒவ்வொரு முறையும் முழு மயக்கம் கொடுத்து, மலக்குடல் வழியே நீண்ட கருவியைச் செலுத்தி, ஊசியால் முட்டையை உறிஞ்சி எடுக்கிறார்கள். உலகில் மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்றை இப்படித் திரும்பத் திரும்பப் படுக்கவைப்பது எனக்கு ஒப்பவில்லை. நஜினை வயதும் ஆபத்தும் கருதி 2021இல் அவர்களே விலக்கிவிட்டார்களே.

நுண்ணோக்கி:

ஸ்டெம் செல் வழியை நான் ஆதரிக்க அதுவும் ஒரு காரணம். தோல் செல்லை ஒருமுறை எடுத்தால் போதும். முட்டை தட்டில் உருவானால் ஃபாட்டுவைத் தொடவே வேண்டாம்.

கானகன்:

ஃபாட்டுவைத் தொடவேண்டாம், சரி. சுமக்கப்போகும் தெற்கு வெள்ளைப் பெண்களை? அவற்றுக்கும் மயக்கம்தானே? 2023 செப்டம்பரில் வைத்த கரு பற்றி முதன்முதலாகக் கர்ப்பமான வாடகைத்தாய், வயிற்றில் 70 நாள் ஆண் கருவோடு இறந்துபோனது.

டாக்டர் மதி:

அது இறந்தது கருவாலோ மயக்கத்தாலோ அல்ல. கனமழைக்குப் பிறகு மண்ணிலிருந்து வந்த கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா தொற்றால் இறந்தது. வைத்ததும் தெற்கு வெள்ளையின் கருதான், சோதனைக்காக. சோதனைக் குழாய்க் கரு ஒன்று காண்டாமிருகத்தின் வயிற்றில் பற்றி வளரும் என்று முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான். அதற்குப் பிறகு தடுப்பூசி போட்டார்கள். ஆனாலும் உங்கள் கேள்வி நிற்கிறது, தள்ளிவிட முடியாது. ஒரு வாடகைத்தாய்க்கு எத்தனை முறை மயக்கம் கொடுக்கலாம் என்று முன்கூட்டியே வரம்பு வைத்து, திட்டத்தில் இல்லாத ஒரு மருத்துவரின் கையில் 'போதும், நிறுத்துங்கள்' என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுக்கவேண்டும். இதற்காவது ஒப்புக்கொள்வீர்களா?

கானகன்:

அந்த வரம்பை வெளிப்படையாக எழுதிவைத்தால் ஒப்புக்கொள்கிறேன். திட்டம் தேவையா என்பதில் இன்னும் இல்லை.