மீன்தொட்டியில் பாசி: நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

எங்கள் தொட்டியில் கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது, தண்ணீரே பச்சையாகிவிட்டது. பின்னால் இருக்கும் செடிகள் தெரியவில்லை. பாதித் தண்ணீரை மாற்றினால் தெளிந்ததுபோல் தோன்றும், சில நாட்களில் பழையபடி ஆகிவிடும். அது நீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. பஞ்சு வடிகட்டியில் சிக்காத அளவு நுண்ணியது, மிச்சமிருக்கும் கொஞ்சமே மீண்டும் பெருகப் போதும்.

கைகொடுத்தது இருட்டுதான். விளக்கை அணைத்து, தொட்டியைத் தடித்த போர்வையால் மூடி, மூன்று நான்கு நாள் அப்படியே விட்டோம். தீனியை மிகவும் குறைத்தோம். ஏர் பம்ப் மட்டும் நிற்காமல் ஓடியது. இருட்டில் செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளவே செய்யும். செத்த பாசி அழுகும்போது இன்னும் குறையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே போர்வையை எடுத்துவிட வேண்டும். திறந்ததும் பாதித் தண்ணீரை மாற்றினோம், தெளிந்தது. ஜன்னல் வெயில் படும் இடத்திலிருந்து தொட்டியை நகர்த்திய பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

எனக்கு வாய்த்தது கறுப்புத் தாடிப் பாசி. மரக்கட்டையிலும் மெதுவாக வளரும் அனுபியாஸ் இலைகளின் ஓரத்திலும் குச்சம் குச்சமாகப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தாலும் வராது. பார்க்கக் கறுப்பு, உண்மையில் அது சிவப்புப் பாசி வகை. பிய்த்து ஆல்கஹாலில் போட்டால் சிவந்துவிடும். இது வேறு பாசியோ என்ற சந்தேகம் எனக்கு அப்படித்தான் தீர்ந்தது.

கட்டையை வெளியே எடுத்து, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாசியின் மேல் தடவி, சில நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவித் திருப்பி வைத்தேன். அடுத்த நாட்களில் பாசி இளஞ்சிவப்பாக வெளுத்தது. இறால்கள் அதைத் தின்று தீர்த்தன. மோசமான இலைகளை வெட்டி எறிவதே நல்லது, அவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண் வேலை. ஆனால் இதோடு நிறுத்தினால் பாசி திரும்பும். செடிகளுக்காகத் தொட்டியில் விடும் கார்பன் டை ஆக்சைடு ஒரு நாள் அதிகம், ஒரு நாள் குறைவு என்று ஏறி இறங்கிய காலத்தில்தான் என் தொட்டியில் அது பரவியது. அளவைச் சீராக்கி, விளக்கையும் டைமரில் போட்டு, தினமும் ஏழு மணி நேரத்தோடு நிறுத்திய பிறகு புதிய குச்சங்கள் வரவில்லை.

*

புதுத் தொட்டி வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மணலிலும் கண்ணாடியிலும் பழுப்பு மாவு படிந்தால் பயப்பட வேண்டாம். அது டயட்டம் என்ற நுண்பாசி. விரலால் துடைத்தாலே போகும். தொட்டி பழகியதும் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். மருந்து எதையும் ஊற்றாதீர்கள்.

*

பாசி தின்னும் மீன் வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வாங்குங்கள், ஆனால் பெயரைச் சரிபார்த்து வாங்குங்கள். கறுப்புத் தாடியைத் தின்பது சியாமீஸ் பாசி உண்ணி. அதன் கறுப்புக் கோடு வால் துடுப்பின் நுனிவரை ஓடும். அதே வரிசையில் விற்கப்படும் சீனப் பாசி உண்ணி வளர்ந்ததும் முரடாகி, பக்கவாட்டில் அகன்ற மீன்களின் மேல் ஒட்டி அவற்றின் வழுவழுப்பை உறிஞ்சும். எனது ஏஞ்சல் மீனின் விலாவில் அந்தப் புண்ணைப் பார்த்திருக்கிறேன்; இன்னும் மனம் ஆறவில்லை. பாசி தின்னும் என்று விற்கப்படும் சாதாரண பிளெக்கோ மீன் ஓரடிக்கு மேல் வளரும், சின்னத் தொட்டிக்கு அது கொடுமை. கண்ணாடியில் ஒட்டும் பச்சைப் புள்ளிகளுக்கு நெரைட் நத்தை நல்லது. அது இடும் முட்டை நன்னீரில் பொரிக்காது, எனவே பெருகிவிடும் என்ற கவலை இல்லை.

தரையைப் போர்வைபோல் மூடி, நாற்றமடிக்கும் நீலப்பச்சைப் படலத்தை மட்டும் இவை எதுவும் தொடாது. அது பாசியே அல்ல, பாக்டீரியா. அதைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, மணலைக் கிளறி, நீரோட்டம் போகாத மூலைக்கு வடிகட்டியின் வாயைத் திருப்பி வையுங்கள்.