ஏழு பட்டறை சேர்ந்து முதியோர் இல்லத்தில் ஒருநாள் வேலை: எப்படித் திட்டமிடுவது?

குறிச்சிக்காரர்:
கோவை குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையில் அடுத்தடுத்து இருக்கும் ஏழு பட்டறைகள். பம்ப் அசெம்பிளி 2, லேத் 2, ஃபேப்ரிகேஷன், பேனல் போர்டு, பவுடர் கோட்டிங் தலா ஒன்று. பட்டறைக்கு 8 பேர் அனுப்புவதாகப் பேச்சு. பக்கத்தில் ஒரு அறக்கட்டளை முதியோர் இல்லம் நடத்துகிறது. 60 பேர், அதில் 8 பேர் படுத்த படுக்கை. ஒரு ஞாயிறு பெயின்ட் அடித்துவிட்டு மதியம் பிரியாணி போடலாம் என்கிறார்கள் மற்ற பட்டறைக்காரர்கள். ஒரே நாளில் முடியுமா? பணத்தை ஒருவரே வசூலித்துச் செலவு செய்யலாமா? சி.எஸ்.ஆர். (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செய்யும் செலவு) கணக்கில் வருமா?

ரசமட்டம்:
ஒரே நாளில் முடியாதுங்க. பழைய சுவர் என்றால் சுரண்டல், பட்டி, எமரி, பிரைமர், அப்புறம்தான் ரெண்டு கோட். பட்டியும் பிரைமரும் காயவே மணிக்கணக்கில் ஆகும். அவசரத்தில் ஈரத்தின் மேல் அடித்தால் சில மாதத்தில் பொரிந்து வரும். கீழே சுண்ணாம்பு இருந்து, அதைச் சுரண்டாமல் எமல்ஷன் அடித்தால் தோலாக உரியும். ஓதம் ஏறிய சுவரில் பெயின்டே வீண், முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கணும்.

அடித்தே தீருவது என்றால் பட்டி, பிரைமர் வரை கூலிக்குப் பெயின்டரை வைத்து முந்தைய வாரமே முடித்துவிடுங்கள். 10க்கு 12 அறை, 10 அடி உயரம்: கதவு, ஜன்னல் போக சுமார் 390 சதுர அடி. ரெண்டு கோட்டுக்கு 6 லிட்டர் வாங்கலாம். அறைக்கு 4 பேர் போதும்: ரெண்டு பேர் ரோலர், ரெண்டு பேர் ஓரம் வெட்ட பிரஷ். 56 பேரை இறக்கினால் பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்பார்கள். வெளிச்சுவர், ஏணி வேலை வேண்டவே வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், உங்கள் ஏழு பேரிடம் இருக்கும் கைவேலைக்கு பெயின்ட் அடிப்பது வீண். குளியலறைக் கைப்பிடி, ராம்ப் (சாய்தளம்), கட்டில் வெல்டிங், மோட்டார் சர்வீஸ், வயரிங் என்று காசு கொடுத்தாலும் சின்ன இல்லத்துக்கு நேரத்தில் ஆள் கிடைக்காத வேலைகள் உங்களுக்குத் தினசரி வேலை. முன்கூட்டியே ரெண்டு பேர் போய், காப்பாளரோடு ஒவ்வொரு அறையாக நடந்து பட்டியல் எடுங்கள். "என்ன வேண்டும்?" என்று போனில் கேட்டால் கூச்சத்தில் "எதுவானாலும் சரிங்க" என்றுதான் பதில் வரும்.

கணக்குப்பிள்ளை:
சி.எஸ்.ஆர். கட்டாயம் கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்டால்தான். புரொப்ரைட்டர், பார்ட்னர்ஷிப் பட்டறைகளுக்கு அந்தப் பேச்சே இல்லை. உங்களில் ஒரு பிரைவேட் லிமிடெட் அந்த வரம்புக்குள் வந்தாலும், ஊழியர்கள் போட்ட உழைப்பைப் பணமாக மதிப்பிட்டுச் செலவில் காட்ட முடியாது. 2021 ஆகஸ்டில் அமைச்சகம் வெளியிட்ட விளக்கத்திலேயே அது தெளிவு. அறக்கட்டளை மூலம் செலவழிப்பதானால் அவர்கள் சி.எஸ்.ஆர்.-1 படிவம் பதிந்திருக்கணும்.

வசூல் விஷயம்: ஒருவர் கரன்ட் அக்கவுன்ட்டில் மற்ற ஆறு பேர் பணம் போட்டால், பின்னாடி அது வரவா கடனா என்று ஆடிட்டரிடம் விளக்கிக்கொண்டிருக்கணும். அவரவர் நேராக அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு அனுப்பி, அவரவர் பெயரில், பான் எண்ணோடு ரசீது வாங்குங்கள். 80ஜி என்ற நன்கொடை வரிக் கழிவு பணமாகத் தந்ததற்குத்தான்; அதிலும் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் கிடையாது. சிமென்ட், குழாய், அரிசி வாங்கிக் கொடுத்தால் கழிவு இல்லை. ரசீதை மட்டும் நம்பாமல் 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

அடுப்படி:
ஞாயிறு மதியம் பல இல்லங்களில் பிறந்தநாள், நினைவுநாள் சாப்பாடு ஏற்கெனவே புக் ஆகியிருக்கும். உங்கள் பிரியாணியும் சேர்ந்தால் ஒன்று வீணாகும். பல் இல்லாதவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் அது ஆகவும் ஆகாது. செவ்வாய், புதன் மாதிரி வார நாள் சாப்பாட்டுக்குத்தான் இழுபறி. ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் அரிசி என்றாலே 60 பேருக்கு 18 கிலோ. ஒரு 25 கிலோ சிப்பம் ரெண்டு நாள்கூடத் தாங்காது. அதனால் ஏழு பட்டறையும் மாதம் மாறி மாறிப் பொறுப்பெடுப்பது நல்லது. படுக்கையில் இருக்கும் 8 பேருக்கு நாளைக்கு 3 டயப்பர் என்றால் மாதம் 720. சைஸ் கேட்காமல் வாங்காதீர்கள், இடுப்பு அளவு தப்பினால் கசியும்.

அப்புறம், படம் எடுப்பதற்கு முன் அந்தப் பெரியவரிடமே கேளுங்கள். காப்பாளர் தலையாட்டினால் போதாது.

குறிச்சிக்காரர்:
நன்றிங்க. பெயின்ட் ஐடியாவை விட்டாச்சு, கைப்பிடியும் ராம்பும் எடுக்கிறோம். கைப்பிடி எஸ்.எஸ். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யலாமா? சுவர் முழுக்க டைல்ஸ்.

ரசமட்டம்:
304 சரி. 38 மி.மீ. குழாய், சுவருக்கும் குழாய்க்கும் 4 முதல் 5 செ.மீ. இடைவெளி. அதிகமானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே சிக்கும். வெல்டிங், பாலிஷ் எல்லாம் பட்டறையிலேயே முடித்துக்கொண்டு போங்கள், அங்கே டிரில் மட்டும். டைல்ஸையும் பூச்சையும் தாண்டி செங்கல்லுக்குள் ஃபாஸ்னர் பிடிக்கணும். பிளாஸ்டிக் பிளக் பெரியவர் எடையில் பிடுங்கிக்கொண்டு வரும். டைல்ஸைத் தட்டிப் பாருங்கள், பொள்ளல் சத்தம் வந்தால் அந்த இடத்தை விடுங்கள். டைல்ஸ் வழியாக ஓட்டை போடும்போது ஹேமர் மோட் போடாதீர்கள், விரிசல் விடும். மாட்டியதும் உங்கள் ஆள் ஒருவர் முழு எடையோடு தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைக்கணும்.

ராம்ப் 12க்கு 1 சரிவு. திண்ணை ஒன்றரை அடி என்றால் நீளம் 18 அடி வரும். இடம் இல்லையென்று சரிவைக் கூட்டாதீர்கள், நடுவில் ஒரு திருப்பம் வைத்து மடக்குங்கள். மேல்பரப்பு செக்கர்டு பிளேட்டா, கான்கிரீட்டா என்பதை இடம் பார்த்துச் சொல்கிறேன், அளவு எடுத்துப் போடுங்கள்.