ஹோஸ்டிங் மாத்தும்போது மெயில் நிக்காம இருக்க என்ன செய்யணும்?

கேள்வி: வாடிக்கையாளரோட தளத்தைப் புது ஹோஸ்டிங்குக்கு மாத்தணும். மெயில் கூகுள் வொர்க்ஸ்பேஸில் ஓடுது. நேம்சர்வரை (டொமைனோட முகவரி விவரங்களை வச்சிருக்கிற சர்வர்) மாத்தினா மெயில் நின்னுடுமா?

பதில் 1: புது டிஎன்எஸ்ஸில் (அந்த முகவரி விவரப் பட்டியல்) எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்றது) இல்லேன்னா நின்னுடும். நேம்சர்வரைத் தொடவே வேண்டாம் சார், தளம் எந்த ஐபியில் இருக்குன்னு சொல்ற ஏ ரெக்கார்டை மட்டும் புது ஐபிக்கு மாத்துங்க. டிடிஎல் (பழைய விவரத்தை எத்தனை வினாடி நினைவில் வச்சிருக்கலாம்ங்கற அளவு) 86400ன்னு இருந்தா சிலருக்கு ஒரு நாள் முழுக்க பழைய தளமே தெரியும். முந்தின நாளே 300க்குக் குறைச்சிடுங்க. பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து பண்ணாதீங்க.

பதில் 2: நேம்சர்வரை மாத்தியே ஆகணும்னா எம்எக்ஸோட சேர்த்து எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெக்கார்டையும் (மெயில் நிஜமாவே உங்க டொமைன்லேர்ந்து வந்ததுன்னு காட்டுறவை) காப்பி பண்ணுங்க. டிகேஐஎம்தான் அடிக்கடி விட்டுப்போகும். அது இல்லேன்னாலும் மெயில் போகும், ஆனா ஸ்பேமில் விழ வாய்ப்பு அதிகம்.

பதில் 3: புது ஹோஸ்டிங்கை நிர்வகிக்கிற பேனல் சிபேனலா? அதில் இமெயில் ரூட்டிங்கில் 'ரிமோட்' (மெயில் வேற சர்வரில் இருக்கு) வைங்க. 'லோக்கல்'னு (மெயில் இதே சர்வரில்) இருந்தா தளத்தோட தொடர்புப் படிவத்து மெயில் கூகுளுக்குப் போகவே போகாது.